நள்ளிரவில் எழுந்திருப்பது யார்? - திருச்சியில் தொடங்கும் ஒரு தொட்டில் வரலாறு

இரவு மணி இரண்டு. ஊரே உறங்குகிறது. மலைக்கோட்டை உச்சியில் விளக்கு மட்டும் எரிகிறது. தெப்பக்குளம் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று திடீரென்று எழுந்து வீறிட்டு அழுகிறது. பசியா? பல் முளைக்கிறதா? கனவா? யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்தே ஆக வேண்டும். அந்த 'யாராவது' யார்? இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதா?

போர்களுக்கும் அரசர்களுக்கும் வரலாறு எழுதியவர்கள் ஏராளம். குழந்தையின் தூக்கத்துக்கு வரலாறு எழுதியவர்கள் குறைவு. ஆனால் மனித குலத்தில் அரசனைப் பார்க்காதவர்கள் கோடிக்கணக்கில் உண்டு, தூங்காத குழந்தையைப் பார்க்காதவர்கள் அநேகமாக யாருமே இல்லை! அந்த வரலாற்றைத் தொடங்குவதற்குத் திருச்சிராப்பள்ளியை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம்.

தாயாக வந்த கடவுள்

மலைக்கோட்டையில் இருக்கும் சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர். அந்தப் பெயருக்கு ஊரே அறிந்த கதை ஒன்று உண்டு. ரத்தினாவதி என்ற வணிகர் குலப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குத் துணையாக அவளுடைய தாய் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வருகிறாள். வழியில் காவிரியில் வெள்ளம். அக்கரையிலேயே நின்று விடுகிறாள். இங்கே மகளுக்கு வலி எடுத்து விடுகிறது. அப்போது இறைவனே அந்தத் தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்க்கிறான். வெள்ளம் வடியும் வரை உடனிருந்து தாயையும் சேயையும் கவனித்துக் கொள்கிறான். கடைசியில் உண்மையான தாய் வாசலில் வந்து நிற்கும்போதுதான் வந்திருந்தது யார் என்று தெரிகிறது. இன்றும் சுகப்பிரசவம் வேண்டிக்கொள்பவர்கள் இந்தக் கோயிலில் வாழைப்பழத்தார் நேர்ந்து கொள்கிறார்கள்.

இது புராணக் கதை, வரலாறு அல்ல. ஆனால் கதையைச் சொன்ன சமூகத்தைப் பற்றி இது ஒரு வரலாற்று உண்மையைச் சொல்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணின் மிகப் பெரிய பயம் வலி அல்ல, துணைக்கு ஆள் வராமல் போய்விடுமோ என்பதுதான்! அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்றால், அதைப் போக்குவதற்குக் கடவுளே கீழே இறங்கி வர வேண்டியிருந்தது. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது, மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே இருப்பது என்ற வழக்கத்தின் உள்ளே இருப்பதும் இதே ஏற்பாடுதான். இரவில் எழுந்திருக்க இன்னொரு ஜோடிக் கைகள் வேண்டும்.

குழந்தை ஏன் விழிக்கிறது?

கைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குழந்தையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம். தூக்கம் என்பது விளக்கை அணைப்பது போல ஒரே இருட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்துக் கொண்டிருந்தார்கள். 1953-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியல் கிளைட்மன் ஆகிய இருவரும், தூங்குபவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு நிலை இருப்பதை வெளியிட்டார்கள். கனவுகள் அதிகம் வருவது அந்த நிலையில்தான். அதன் பிறகே தூக்கம் என்பது சுற்றுச் சுற்றாக வருவது என்பது தெளிவானது.

பெரியவர்களுக்கு ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். பிறந்த குழந்தைக்கோ 50 முதல் 60 நிமிடம்தான். வளர வளர இது மெல்ல நீளும். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லோருமே லேசாக விழிக்கிறோம். பெரியவர்கள் புரண்டு படுத்து மறுபடி தூங்கி விடுகிறோம், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. குழந்தைக்குச் சுற்று சிறியது, ஆகவே விழிப்பு அதிகம். தூங்கும்போது தோளில் இருந்த குழந்தை விழிக்கும்போது பாயில் கிடக்கிறது. 'நான் எங்கே இருக்கிறேன்? அம்மா எங்கே?' என்று கேட்க அதற்கு வார்த்தை இல்லை. அழுகைதான் இருக்கிறது.

ஒரு வயதை ஒட்டி அம்மாவை விட்டுப் பிரியும் பயம் வேறு சேர்ந்து கொள்கிறது. இத்தனை மாதமாக நன்றாகத் தூங்கிய குழந்தை திடீரென்று இரவில் எழுந்து அழத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அது நோயும் அல்ல, பிடிவாதமும் அல்ல. வளர்ச்சி!

எவ்வளவு தூங்க வேண்டும்? ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இருந்த இரண்டு பகல் தூக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு 15 முதல் 18 மாதத்துக்குள் ஒன்றாகக் குறைகிறது. அந்த ஒன்றும் ஐந்து வயதுக்குள் அநேகமாக நின்று விடும்.

ஆழ்வார் கேட்ட தாயின் முனகல்

இந்த அறிவியல் எல்லாம் நேற்று வந்தது. ஆனால் தூங்காத குழந்தையைத் தமிழ் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாட்டில் வைத்து விட்டது. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டு பத்துப் பாசுரங்கள். குலசேகராழ்வார் இராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். பெரியாழ்வாரின் தாலாட்டில் பிரமனே கண்ணனுக்குப் பொன்னால் செய்த தொட்டில் அனுப்பி வைக்கிறான்.

அதைவிடச் சுவையானது அதே பெரியாழ்வார் சற்று முன்னால் பாடியிருக்கும் ஒரு பாசுரம். அதில் யசோதை புலம்புகிறாள். படுக்க வைத்தால் கிழிந்து போகும் அளவுக்குத் தொட்டிலை உதைக்கிறானாம். தூக்கி வைத்துக்கொண்டால் இடுப்பு ஒடிகிறதாம். அணைத்துக் கொண்டால் வயிற்றில் பாய்கிறானாம். தன்னால் முடியவில்லை, இளைத்துப் போனேன் என்கிறாள். தெய்வக் குழந்தையைப் பற்றிய பாட்டுதான். ஆனால் பேசுவது இரவெல்லாம் தூங்காத ஒரு தாய் அல்லவா? இன்னொன்றையும் கவனிக்கலாம். உதைத்தால் கிழிகிற தொட்டில் என்றால் அது பொன்னால் செய்ததாகவோ மரத்தால் செய்ததாகவோ இருக்க முடியாது. துணித் தொட்டிலாகத்தான் இருக்க வேண்டும். தேவலோகத் தொட்டில் ஒரு பக்கம் இருக்க, ஆழ்வார் கண்ணால் பார்த்த தொட்டில் நம் வீட்டுத் தூளிதான் போலிருக்கிறது!

தாலாட்டு என்ற சொல்லுக்கு நாக்கை (தால்) ஆட்டுவது என்று பொருள் சொல்வார்கள். பிற்காலத்தில் வந்த பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியத்தில் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடினார். 19-ஆம் நூற்றாண்டில் பிள்ளைத்தமிழ் பாடுவதில் பெரும் பெயர் பெற்றவர் திருச்சிக்காரர். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியரான திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) தான் அவர். திருவானைக்கா அகிலாண்டநாயகி மீது அவர் பாடிய பிள்ளைத்தமிழ் உண்டு. உலகத்துக்கே தாய் என்று கும்பிடும் அம்மனை ஒரு குழந்தையாக்கித் தொட்டிலில் போட்டுத் தாலாட்டிய ஊர் இது.

ஏட்டில் வந்த தாலாட்டை ஆண்கள் பாடினார்கள். வீட்டில் பாடியது பெண்கள். வீட்டுத் தாலாட்டில் குழந்தைக்குப் புரியாத செய்திகள்தான் அதிகம். உன்னை யார் அடித்தது, மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்று ஒவ்வொரு உறவாக விசாரணை நடக்கும். பிறந்த வீட்டுச் சீர், புகுந்த வீட்டுக் குறை எல்லாம் ராகத்தோடு வெளியே வரும். பகலில் வாய் திறந்து சொல்ல முடியாததை இரவில் குழந்தையிடம் சொன்னார்கள். குழந்தை தூங்கியது, தாயின் பாரமும் கொஞ்சம் இறங்கியது. பின்னாளில் பாரதிதாசன் பெண் குழந்தைக்கென்று தனியாகத் தாலாட்டு எழுதினார். தொட்டிலில் கிடப்பது பெண் என்றால் அதற்கும் பெருமையான பாட்டு வேண்டும் என்ற எண்ணத்தின் வெளிப்பாடு அது.

திருவரங்கத்தின் தூக்க ஒழுங்கு

மலைக்கோட்டையிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அங்கே இருக்கும் கடவுளோ பள்ளி கொண்டவர்! உறங்கும் பெருமானை உறங்க வைப்பதும் எழுப்புவதும் அந்தக் கோயிலில் நாள்தோறும் நடக்கும் காரியம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் இதே ஊரில் நந்தவனம் வைத்து வாழ்ந்து, அரங்கனை எழுப்புவதற்காகவே திருப்பள்ளியெழுச்சி பத்துப் பாசுரங்களைப் பாடினார். காலை விஸ்வரூப தரிசனத்தின்போது யானையும் பசுவும் சந்நிதி முன்னால் வந்து நிற்கும், வீணை ஒலிக்கும். இரவில் அரவணை என்ற இனிப்புப் பிரசாதமும் பாலும் அமுது செய்விக்கப்பட்டு நடை சாத்தப்படும். மார்கழி இராப்பத்து நாட்களில் நம்பெருமாள் இரவு மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது நடக்கும் வீணை ஏகாந்தத்தைக் கேட்பதற்கென்றே விழித்திருப்பவர்கள் உண்டு.

இதைக் கொஞ்சம் குழந்தைத் தூக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்? தினமும் ஒரே வரிசை. இனிப்பும் பாலும், அதன் பின் அமைதி. விடிந்தால் பாட்டும் வெளிச்சமும். இன்றைய குழந்தை மருத்துவர்கள் 'தூங்கும் முன் ஒரே மாதிரி வழக்கம்' என்று சொல்வது இதைத்தான். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜோடி மிண்டலும் அவர் குழுவினரும் 405 தாய்மார்களையும் அவர்களின் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் இரவில் குளியல், உடலைப் பிடித்து விடுதல், பின் அமைதியான நேரம் என்று ஒரே வரிசையைக் கடைப்பிடித்தபோது, சில வாரங்களுக்குள் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது.

நம் வீடுகளிலும் இந்த வரிசை வேறு பெயர்களில் இருந்தது. எண்ணெய் தடவி, காலில் போட்டு வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்க வைப்பார்கள். பெரிய குழந்தை என்றால் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டு, சோறு ஊட்டி, கதை சொல்லித் தூளியில் விடுவார்கள். கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, 'இனி தூங்க வேண்டிய நேரம்' என்ற செய்தி குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் தூங்கக் கூடாது என்று பாட்டிமார்கள் விரட்டி எழுப்புவார்களே, அதற்கு அவர்கள் சொன்ன காரணம் லட்சுமி வரும் நேரம் என்பது. பலன் என்னவோ வேறு. மாலை ஆறு மணிக்குத் தூங்கிய குழந்தை இரவு பதினொன்று வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கும். பகல் தூக்கம் மாலைக்குள் முடிந்து விட வேண்டும் என்று இன்றைய மருத்துவர் சொல்லும் விதியும் அதுவே!

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று சொல்லி விட முடியாது. அடுத்து வருவது இந்த வரலாற்றின் இருண்ட பக்கம்.

கை இல்லாத இடத்தில் மருந்து

வேலைக்குப் போகும் தாய்க்குப் பதிலாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் என்ன செய்வது? 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு விடை கடையில் கிடைத்தது. 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' என்ற மருந்தில் இருந்தது அபின்! ஆலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகள் அதைக் குடித்து விட்டு மயங்கிக் கிடந்தன. அமெரிக்காவில் 1849 முதல் விற்ற 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்' பாட்டிலில் இருந்தது மார்ஃபின். அழகான தாயும் சிரிக்கும் குழந்தையும் போட்ட விளம்பரங்கள் வீடுதோறும் போயின. உள்ளே என்ன இருக்கிறது என்பதை லேபிளில் சொல்ல வேண்டும் என்று 1906-ல் சட்டம் வந்த பிறகுதான் பல தாய்மார்களுக்கு உண்மை தெரிந்தது. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்தது. வாங்குபவருக்குத் தெரியாத ஒன்றை விற்பவர் மட்டும் தெரிந்து வைத்திருக்கும் வியாபாரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இந்தியாவுக்கும் அது வந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுத்து விட்டு வேலைக்குப் போனார்கள். அதற்குப் பெயர் 'பாலகோலி', அதாவது குழந்தை மாத்திரை. 1929-ல் அமைக்கப்பட்டு 1931-ல் அறிக்கை தந்த தொழிலாளர் ராயல் கமிஷன் வரை இந்த விஷயம் போயிற்று. அந்தத் தாய்மார்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று சொல்லி விடலாமா? கூலி போனால் சோறு இல்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆலையில் குழந்தையை விட இடமும் இல்லை. குறை தாயிடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 1976 திருத்தம் அந்த எண்ணிக்கையை 30 ஆக்கியது. மருந்துச் சீசாவுக்குச் சட்டம் சொன்ன மாற்று, ஓர் ஆயாவும் ஒரு தொட்டிலும்!

நம் வீட்டு அலமாரியிலும் சீசா உண்டு. 1851-ல் இங்கிலாந்தின் வில்லியம் உட்வர்டு தயாரித்த கிரைப் வாட்டர் தமிழ்நாட்டில் பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாக அறிமுகமான பெயர். பழைய பிரிட்டிஷ் தயாரிப்பில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு ஆகியவற்றோடு ஆல்கஹாலும் இருந்தது. அழுத குழந்தை ஏன் அமைதியானது என்று இப்போது புரிகிறதா? 1990-களில் பிரிட்டனில் ஆல்கஹாலை நீக்கி விட்டார்கள்.

உரைகல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், வசம்பு, ஜாதிக்காய் இவையெல்லாம் அதில் உண்டு. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். ஜாதிக்காய் இழைத்துக் கொடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்பது பல வீடுகளில் நம்பிக்கை. ஆனால் ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. அளவு கூடினால் அது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சு. இழைப்பு இரண்டா நான்கா என்பதைக் கை சொல்ல வேண்டுமே தவிர, அளவு கருவி எதுவும் இல்லை. வசம்பில் உள்ள ஒரு பொருளுக்காக அமெரிக்க அரசு 1968-லேயே உணவில் அதைச் சேர்க்கத் தடை விதித்தது. பாட்டியின் அன்பில் சந்தேகம் இல்லை. ஆனால் தூங்குவதற்காக எந்த மருந்தையும், நாட்டு மருந்தாக இருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

கடிகாரம் வளர்த்த குழந்தைகள்

மருந்து கெட்டது என்று தெரிந்த பிறகு மேல்நாட்டில் புத்தகம் வந்தது. 1894-ல் நியூயார்க் மருத்துவர் எல்.எம்மெட் ஹோல்ட் கேள்வி-பதில் வடிவில் ஒரு கைநூல் எழுதினார். குழந்தையை ஆட்டித் தூங்க வைப்பது தேவையற்ற பழக்கம், அழுதாலும் விட்டு விடுங்கள் என்றார். 1928-ல் ஜான் வாட்சன் என்ற உளவியல் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். குழந்தையைக் கட்டிக்கொள்ளாதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கை குலுக்குங்கள் என்றார்! 1946-ல் பெஞ்சமின் ஸ்பாக் வந்து, உங்களுக்கே தெரியும், உங்களை நம்புங்கள் என்று தாய்மார்களுக்குத் தைரியம் சொன்னார். ஆனால் படுக்க மறுக்கும் குழந்தையைச் சில இரவுகள் அழ விடலாம் என்று அவரும் எழுதினார். 1985-ல் ரிச்சர்ட் ஃபெர்பர் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூட்டிப் போய்ப் பார்க்கும் முறையைப் பரப்பினார். முதலில் சில நிமிடம் காத்திருந்து போக வேண்டும், அடுத்து இன்னும் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து போக வேண்டும்.

இது சரியா தவறா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. 2012-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, இம்மாதிரிப் பழக்கப்படுத்தப்பட்ட குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்தது. நீண்ட காலக் கெடுதலும் இல்லை, நீண்ட கால நன்மையும் இல்லை என்று முடிவு சொன்னது. அதாவது, இப்போதைய இரவைச் சமாளிக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தப் புத்தகங்கள் எழுந்த வீடுகளில் குழந்தைக்குத் தனி அறை இருந்தது, பாட்டி இல்லை. நம் வீடுகளில் பாட்டி இருந்தாள், தனி அறை இல்லை. எந்த முறை சிறந்தது என்று வாதாடுவதற்கு முன்னால் வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்று கேட்பது நல்லது.

ஹோல்ட் வேண்டாம் என்ற ஆட்டலை அறிவியல் இப்போது திரும்ப அழைக்கிறது. 2022-ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடா குழுவினர், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடந்து, தூங்கிய பின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, அதன் பிறகு படுக்க வைக்கும்படி சொன்னார்கள். உடனே இறக்கினால் விழித்துக்கொள்ளும் என்பது கண்டுபிடிப்பு. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கூடத்தில் நடந்த தாத்தாக்களுக்கு இது புதிய செய்தி அல்ல!

இன்றைய திருச்சியில்

2010-ல் வெளியான இன்னோர் ஆய்வு 17 நாடுகள், பகுதிகளைச் சேர்ந்த 29,287 குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்டது. இந்தியாவும் அதில் உண்டு. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.28-க்குப் படுக்கப் போனார்கள். ஹாங்காங்கில் 10.17-க்கு! பொதுவாக ஆசியக் குழந்தைகள் தாமதமாகப் படுத்துக் குறைவாகத் தூங்கினார்கள். பகல் தூக்கத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. அப்பா வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வருகிறார், தொலைக்காட்சியும் கைபேசியும் ஓடிக்கொண்டிருக்கின்றன, விளக்கு எரிகிறது. குழந்தை மட்டும் எட்டு மணிக்குத் தூங்க வேண்டும் என்றால் எப்படி?

அது மட்டுமா? மே மாத திருச்சி வெயிலில் மின்சாரம் போனால் குழந்தை என்ன, பெரியவர்களாலேயே தூங்க முடியாது. அந்தக் காலத்தில் மொட்டை மாடியும் முற்றமும் திண்ணையும் இருந்தன. அடுக்குமாடி வீட்டில் தூளி கட்ட உத்திரமே இல்லை, கொக்கியையோ ஸ்பிரிங்கையோ கடையில் வாங்கி மாட்ட வேண்டும். மாட்டினாலும் கவனம் தேவை. எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தை தூளியிலிருந்து தலைகீழாக விழும், துணி கழுத்தில் சுற்றும். ஆள் பார்வையில் இல்லாமல் தூளியில் விடக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

மிகப் பெரிய மாற்றம் கைகளின் எண்ணிக்கையில்தான். மாமியார் ஓர் ஊரில், தாய் வேறோர் ஊரில். கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ. பேறுகால விடுப்பு 1961 சட்டத்தில் 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்தில் 26 வாரமானது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021-ல் 12 மாதமாக உயர்த்தியது. நல்ல செய்திதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவில் விழித்து அழுவது ஒன்றரை, இரண்டு வயதிலும் தொடர்கிறது. விடுப்போ அதற்கு முன்பே முடிந்து விடுகிறது. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவள், இரவில் மூன்று முறை எழுந்தவள். கணக்கு ஏட்டில் வராத உழைப்பு இது. இதற்குச் சம்பளமும் இல்லை, வார விடுமுறையும் இல்லை.

ஆக, இந்த நீண்ட வரலாறு சொல்வது என்ன? குழந்தை அன்றும் விழித்தது, இன்றும் விழிக்கிறது. யசோதையின் மகனும் விழித்தான், ஆலைத் தொழிலாளியின் மகளும் விழித்தாள். மாறியதெல்லாம் எழுந்திருக்க எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான். கைகள் நிறைய இருந்த இடத்தில் தாலாட்டு பிறந்தது. கைகள் இல்லாத இடத்தில் அபின் உருண்டையும் கடுமையான புத்தகங்களும் வந்தன. 'உனக்குக் குழந்தையைத் தூங்க வைக்கத் தெரியவில்லை' என்று ஒரு தாயைப் பார்த்துச் சொல்வதற்கு முன்னால், 'நேற்று இரவு அவளோடு எழுந்தது யார்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வழி மிகவும் எளிமையானது. மதியத் தூக்கம் மாலைக்குள் முடியட்டும். இரவில் தினமும் ஒரே வரிசை இருக்கட்டும். விளக்கும் திரையும் சீக்கிரம் அணையட்டும். நள்ளிரவு விழிப்பை முறை போட்டுக் கொள்ளலாம். இன்று அம்மா, நாளை அப்பா. தாலாட்டுப் பாட ராகம் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆண் குரலுக்கும் குழந்தை தூங்கும்!

காவிரியில் வெள்ளம் வந்த அந்த நாளில் ஒரு பெண்ணுக்குத் துணையாகத் தாய் வடிவில் வந்தது ஆண் தெய்வம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊரில், இரவு இரண்டு மணிக்கு ஓர் அப்பா எழுந்து தொட்டிலை ஆட்டுவது புதுமையா என்ன? மலைக்கோட்டை ஏறி வாழைத்தார் கொடுத்து விட்டு வந்தவர்கள், வீட்டில் ஒரு இரவாவது தாயுமானவராக இருந்து பார்க்கலாமே!